பசித்த இரவுகளின் நொதி

இரவு எட்டு மணிக்குச் சாப்பிட்டுப் படுக்கிற ஒருவர் மறுநாள் காலை ஏழு மணிக்குக் காபி குடிக்கிறவரை பதினோரு மணி நேரம் வெறும் வயிறுதான். உடம்பு அந்த நேரத்தில் எதையும் நிறுத்திவைப்பதில்லை. இதயம் துடிக்க வேண்டும், மூளைக்கு இடைவிடாமல் குளுக்கோஸ் போக வேண்டும், உடல் சூடு குறையக் கூடாது. முதல் சில மணி நேரத்துக்குக் கல்லீரலில் சேர்த்துவைத்த கிளைக்கோஜன், அதாவது குளுக்கோஸ் சேமிப்பு, கைகொடுக்கும். அது கரையக் கரைய, பாரம் கொழுப்பின் பக்கம் நகர்கிறது. கொழுப்பை எரிப்பதில் இருபதுக்கும் மேற்பட்ட புரதங்களுக்குப் பங்கு உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் மீடியம் செயின் அசைல் கோ-ஏ டிஹைட்ரஜனேஸ். மருத்துவர்கள் சுருக்கமாக எம்கேட் என்று சொல்வார்கள்.

மற்றவற்றை விட்டுவிட்டு இந்த ஒரு நொதியை எடுத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. இது வேலை செய்யாத குழந்தை வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்வரை மற்ற குழந்தைகளைப் போலவே சிரிக்கும், தவழும், எடை கூடும். ஒரே ஒரு இரவு சாப்பாடு தவறினால் விடிவதற்குள் உயிர் போகலாம். வட ஐரோப்பாவில் பிறவிக் குறைபாட்டால் இப்படி நடந்திருக்கிறது. பீகாரில், எந்தப் பிறவிக் குறையும் இல்லாத குழந்தைகளுக்கு, ஒரு பழத்தில் இருந்த நச்சால் நடந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த நொதியின் அருமை புரியும்.

இரண்டிரண்டு கார்பனாக

கொழுப்பு அமிலம் என்பது கார்பன் அணுக்கள் வரிசையாகக் கோத்த சங்கிலி. நம் உடம்பில் அதிகம் காணப்படுகிற பால்மிட்டிக் அமிலத்தில் 16 கார்பன்கள் இருக்கின்றன. செல்லுக்குள் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா இந்தச் சங்கிலியை மொத்தமாக எரிப்பதில்லை. கரும்பைக் கணுக்கணுவாக நறுக்குவது போல, ஒவ்வொரு சுற்றிலும் நுனியிலிருந்து இரண்டு கார்பனை வெட்டி அசிட்டைல் கோ-ஏ என்ற மூலக்கூறாக எடுக்கிறது. 16 கார்பன் சங்கிலிக்கு ஏழு வெட்டு, எட்டுத் துண்டு. அந்தத் துண்டுகளை முழுக்க எரித்து முடிக்கும்போது செல்லின் சக்தி நாணயமான ஏடிபி நிகரமாக 106 கிடைக்கும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு தருவதோ 30 முதல் 32 வரைதான்.

நீளமான சங்கிலிகள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் தானாக நுழைய முடியாது. கார்னிடின் என்ற சிறு மூலக்கூறு அவற்றைச் சுமந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். சாப்பிட்டவுடன் இன்சுலின் கூடும். அதன் விளைவாக மலோனைல் கோ-ஏ என்ற பொருள் பெருகி, இந்தப் போக்குவரத்தை அடைத்துவிடும். வயிறு காலியான பிறகே வழி திறக்கும். நன்றாகச் சாப்பிடுகிற குழந்தையிடம் எம்கேட் குறைபாடு வெளியே தெரியாமல் இருப்பதற்கு இதுதான் காரணம். அதற்கு வேலையே அதிகம் வருவதில்லை.

ஒவ்வொரு வெட்டும் நான்கு படிகளில் நடக்கிறது. முதல் படியில் சங்கிலியின் இரண்டாவது, மூன்றாவது கார்பன்களிலிருந்து ஆளுக்கொரு ஹைட்ரஜன் பிரிக்கப்படும். அடுத்து தண்ணீர் சேரும், மறுபடி ஹைட்ரஜன் போகும், கடைசியில் துண்டு விழும். முதல் படிக்கு ஒரே நொதி போதாது, சங்கிலியின் நீளத்துக்கு ஏற்ற மாதிரி ஒரு குடும்பமே இருக்கிறது. மிக நீளமானவற்றை எடுத்துக்கொள்ளும் நொதி மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் ஒட்டிக்கொண்டிருக்கும். சங்கிலி 12 கார்பன் அளவுக்குக் குறைந்ததும் எம்கேட் பொறுப்பேற்று, சுற்றுச் சுற்றாக ஆறு கார்பன்வரை கொண்டுவருகிறது. எட்டுக் கார்பன் சங்கிலி அதற்கு மிகப் பிடித்தமானது. நான்கு கார்பன் மிஞ்சும்போது வேறொரு நொதி முடித்துவைக்கும்.

எம்கேட் நான்கு ஒரே மாதிரியான அலகுகள் சேர்ந்த புரதம். ஒவ்வொரு அலகும் வைட்டமின் பி2-விலிருந்து உருவாகும் எஃப்ஏடி மூலக்கூறு ஒன்றை வைத்திருக்கிறது. பன்றிக் கல்லீரலிலிருந்து எடுத்த எம்கேட்டின் முப்பரிமாண அமைப்பு 1993இல் வெளியானது. அதைப் பார்த்தால் வேலை நடக்கும் விதம் தெளிவாகத் தெரியும். கொழுப்பு அமிலம் ஒரு குறுகிய குழிக்குள் நீட்டிப் படுக்கிறது. அதன் ஒரு பக்கம் எஃப்ஏடி, மறுபக்கம் புரதத்தின் 376ஆம் இடத்தில் இருக்கும் குளுட்டமேட் என்ற அமினோ அமிலம். குளுட்டமேட் ஒரு புரோட்டானை உருவ, எஃப்ஏடி எதிர்ப்பக்கத்திலிருந்து ஹைட்ரைடை, அதாவது இரண்டு எலெக்ட்ரானோடு வரும் ஹைட்ரஜனை, வாங்கிக்கொள்கிறது. அப்படிக் கிடைத்த எலெக்ட்ரான்கள் இன்னொரு கடத்திப் புரதத்தின் வழியாக, மைட்டோகாண்ட்ரியாவின் சக்தி தயாரிக்கும் வரிசையான மூச்சுச் சங்கிலிக்குப் போய்ச் சேர்ந்து ஏடிபி உருவாக உதவுகின்றன. இந்தக் குழியும் எஃப்ஏடியும், பிற்பாடு பீகார்ப் பழமான லிச்சியின் கதைக்கு வரும்போது மீண்டும் வரும்.

நாய்களின் சிறுநீரில் தெரிந்த உண்மை

கொழுப்பு இரண்டிரண்டு கார்பனாகத்தான் உடைகிறது என்பதை முதலில் காட்டியவர் ஃபிரான்ஸ் நூப் என்ற ஜெர்மானியர், 1904இல். அப்போது கதிரியக்க அடையாளங்கள் கிடையாது, நொதிகளைப் பிரித்தெடுக்கும் வித்தையும் வளரவில்லை. நூப் ஓர் எளிய உபாயம் செய்தார். உடம்பால் பென்சீன் வளையத்தை உடைக்க முடியாது என்று தெரியும். ஆகவே கொழுப்பு அமிலங்களின் வால்நுனியில் ஒரு பென்சீன் வளையத்தை ஒட்டி நாய்களுக்குக் கொடுத்து, சிறுநீரில் கடைசியாக என்ன வருகிறது என்று பார்த்தார். சங்கிலியில் கார்பன் எண்ணிக்கை ஒற்றைப்படை என்றால் பென்சாயிக் அமிலம் கிளைசின் என்ற சிறு அமினோ அமிலத்தோடு சேர்ந்து வந்தது. இரட்டைப்படை என்றால் ஃபினைல்அசிட்டிக் அமிலம் கிளைசினோடு சேர்ந்து வந்தது. எவ்வளவு நீளமான சங்கிலியைக் கொடுத்தாலும் இந்த இரண்டில் ஒன்றுதான். ஒவ்வொன்றாக உடைந்தால் இந்த ஒற்றை-இரட்டை வேறுபாடு வரவே வராது. உயிர்வேதியியல் வரலாற்றில் இவ்வளவு குறைந்த கருவிகளோடு இவ்வளவு உறுதியான முடிவுக்கு வந்த சோதனைகள் மிகச் சில.

அதற்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் பெரிய நகர்வு இல்லை. 1940களின் கடைசியில் கென்னடியும் லெனிஞ்சரும் இந்த வேலை மைட்டோகாண்ட்ரியாவில் நடக்கிறது என்று காட்டினார்கள். 1951இல் ஃபியோடர் லினென் அசிட்டைல் கோ-ஏவை அடையாளம் கண்டார். 1950களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஹெல்முட் பைனெர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் இந்த டிஹைட்ரஜனேஸ் குடும்பத்தைத் தனித்தனியாகப் பிரித்தெடுத்தார்கள். அப்போது இது சோதனைக்கூட விஷயம். இதில் ஒன்று இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது.

ஏன் சர்க்கரை விழுகிறது

கொழுப்பு எரியவில்லை என்றால் கொழுப்பிலிருந்து வரும் சக்திதானே குறைய வேண்டும், ரத்தச் சர்க்கரை ஏன் விழ வேண்டும்? இந்தக் கேள்வி நியாயமானது, பதில் கல்லீரலில் இருக்கிறது. பட்டினி நேரத்தில் கல்லீரல் இரண்டு காரியம் செய்கிறது. அமினோ அமிலங்களிலிருந்தும் லாக்டிக் அமிலத்திலிருந்தும் புதிதாகக் குளுக்கோஸ் தயாரிக்கிறது. கூடவே, கொழுப்பை உடைத்த துண்டுகளிலிருந்து கீட்டோன்களைத் தயாரித்து ரத்தத்தில் அனுப்புகிறது. குளுக்கோஸ் தயாரிப்பதற்கு வேண்டிய ஏடிபி கொழுப்பிலிருந்துதான் வர வேண்டும். அந்தத் தயாரிப்பின் முதல் நொதியான பைருவேட் கார்பாக்சிலேஸ், பக்கத்தில் அசிட்டைல் கோ-ஏ இருந்தால்தான் விழித்துக்கொள்ளும். கொழுப்பு உடையாவிட்டால் இவை இரண்டும் நின்றுபோகின்றன.

கீட்டோன் இல்லாதது அடுத்த அடி. நீண்ட பட்டினியில் மூளை குளுக்கோஸைக் குறைத்துக்கொண்டு பெரும்பாலும் கீட்டோனை எரித்துப் பிழைக்கிறது என்பதை 1967இல் பாஸ்டனில் ஜார்ஜ் கேஹில் குழு, வாரக்கணக்கில் உண்ணாதிருந்த நோயாளிகளிடம் அளந்து காட்டியது. எம்கேட் இல்லாத குழந்தைக்கு அந்த மாற்று வழியும் இல்லை. இருக்கிற கொஞ்சநஞ்ச குளுக்கோஸையே மூளையும் தசையும் சேர்ந்து தீர்க்கும். போதாக்குறைக்கு, உடையாமல் தேங்கிய எட்டுக் கார்பன் அமிலமும் அதன் துணைப் பொருள்களும் கல்லீரலையும் மூளையையும் நேரடியாகவே பாதிக்கின்றன. சர்க்கரை விழுவதற்கு முன்பே இந்தக் குழந்தைகள் மயக்கத்துக்குப் போவதுண்டு. குளுக்கோமீட்டரில் அளவு சரியாக இருக்கிறது என்று காத்திருக்கக் கூடாது என்று மருத்துவ வழிகாட்டிகள் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

கைக்குழந்தை ஏன் முதலில் விழுகிறது? அதன் கல்லீரல் சிறியது, கிளைக்கோஜன் கையிருப்பு குறைவு. மூளையோ உடல் எடையோடு ஒப்பிட்டால் மிகப் பெரியது, அதன் பசியும் பெரியது. பெரியவர்கள் ஒரு நாள் பட்டினியைத் தாங்கலாம். இந்தக் குறையுள்ள குழந்தைக்கு வாந்தியும் காய்ச்சலுமாக ஓர் இரவே போதும்.

திடீர் மரணம் என்று எழுதப்பட்டவை

வழக்கமான கதை இப்படி இருக்கும். மூன்று மாதத்துக்கும் இரண்டு வயதுக்கும் இடைப்பட்ட ஆரோக்கியமான குழந்தை. சாதாரண சளி, அல்லது வயிற்றுப்போக்கு. இரண்டு வேளை பால் குடிக்கவில்லை. இரவில் சோர்ந்து தூங்கியது, காலையில் எழுப்பினால் எழவில்லை, சிலருக்கு வலிப்பு. கல்லீரல் வீங்கி, அதில் கொழுப்பு அப்பியிருக்கும். சிறுநீரில் கீட்டோன் இருக்க வேண்டிய அளவு இருக்காது. இந்தச் சேர்க்கை, அதாவது சர்க்கரை குறைவு, கீட்டோனும் குறைவு என்பதே எம்கேட் குறைபாட்டின் முக்கியமான அடையாளம். சாதாரணமாகப் பட்டினியில் சர்க்கரை இறங்கினால் கீட்டோன் ஏறியிருக்க வேண்டும்.

1963இல் ஆஸ்திரேலிய நோயியல் மருத்துவர் டக்ளஸ் ரே, மூளை வீக்கமும் கல்லீரல் கொழுப்பும் சேர்ந்துவரும் ஒரு நோயை விவரித்தார். அதன்பின் இத்தகைய குழந்தைகள் பலருக்கு ‘ரே நோய்’ என்ற பெயரே எழுதப்பட்டது. தூக்கத்திலேயே இறந்தவர்களுக்குத் ‘திடீர் சிசு மரணம்’ என்று எழுதினார்கள். அந்தப் பெயர்களுக்குள் ஒரு பகுதி எம்கேட் குறைபாடு என்று பின்னால் தெரிந்தது. குழந்தையை ஏதோ கவனக்குறைவால் இழந்துவிட்டோம் என்று ஆயுள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்த பெற்றோர் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கவே கனமாக இருக்கிறது.

1982, 1983 ஆண்டுகளில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் இந்தக் குறைபாட்டைக் கண்டுபிடித்தன. அப்போது துப்புக் கொடுத்தது சிறுநீர்தான். உடையாத நடுத்தரச் சங்கிலிகள் கிளைசினோடு ஒட்டிக்கொண்டு வெளியேறியிருந்தன. அவற்றில் ஒன்று ஃபினைல்புரோப்பியோனைல் கிளைசின். குடல் பாக்டீரியாக்கள் இயல்பாகவே ஃபினைல்புரோப்பியோனிக் அமிலத்தைத் தயாரிக்கின்றன. எம்கேட் அதையும் வெட்டும். நம் எல்லோருடைய சிறுநீரிலும் அது பென்சாயிக் அமிலமாக மாறித்தான் வெளியேறுகிறது. நூப் நாய்களிடம் கண்ட அதே மாற்றம். எம்கேட் இல்லாதவர்களிடம் அந்த வெட்டு விழுவதில்லை, வளையம் ஒட்டிய சங்கிலி முழுசாக வருகிறது. 1904இல் நூப் அளந்தது இந்த நொதியின் கைவேலையையும் சேர்த்துத்தான். எண்பது வருடம் கழித்து, அந்த வேலை நடக்காத குழந்தைகளை அதே வகைச் சோதனை காட்டிக்கொடுத்தது.

1990இல் மரபணுப் பிழை தெரியவந்தது. ஒன்றாம் குரோமோசோமில் இருக்கும் இந்த மரபணுவில், 985ஆம் எழுத்து ‘ஏ’ என்பதற்குப் பதில் ‘ஜி’. இதனால் புரதத்தின் 304ஆம் இடத்தில் லைசின் இருக்க வேண்டிய இடத்தில் குளுட்டமேட் வந்து உட்காருகிறது. வேலை நடக்கும் குழி கெடவில்லை, ஆனால் புரதம் சரியாக மடிய முடியாமல், நான்கு அலகுகளும் சேர முடியாமல், செல் அதைக் கழிவென்று அழித்துவிடுகிறது. நோய் கண்டு பிடிபட்ட ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 80% பேரிடம் இரண்டு பிரதியிலும் இந்த ஒரே பிழை இருந்தது. வட ஐரோப்பியர்களில் சுமார் 10,000 முதல் 20,000 பிறப்புக்கு ஒரு குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது. ஆசியாவில் அந்தக் குறிப்பிட்ட பிழை அரிது; வேறு பிழைகள் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான பிரதி வந்தால்தான் நோய் என்பதால், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்துக்குள் திருமணம் நடக்கும் நம் ஊர்களில் இந்த வகை நோய்கள் எல்லாவற்றுக்குமே வாய்ப்பு கூடுகிறது.

ஒரு துளி ரத்தம்

இதைக் கண்டுபிடிப்பது இன்று கடினமே இல்லை. பிறந்த சில நாட்களில் குதிகாலில் குத்தி, ரத்தத் துளியை வடிதாள் அட்டையில் ஒற்றி உலர்த்துவார்கள். 1990களில் டேண்டம் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி என்ற கருவி இந்த வேலைக்கு வந்தபின், ஒரே துளியில் இரண்டு மூன்று நிமிடத்தில் பல நோய்களைப் பார்க்க முடிகிறது. எம்கேட் இல்லையென்றால் எட்டுக் கார்பன் சங்கிலி கார்னிடினோடு ஒட்டிக்கொண்டு ரத்தத்தில் குவிந்திருக்கும். அறிக்கையில் ‘சி8’ என்ற வரி உயர்ந்து நிற்கும். இங்கிலாந்தில் 2009 முதல் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் இந்தச் சோதனை உண்டு.

சிகிச்சை அதைவிட எளிது. விலையுயர்ந்த மருந்து எதுவும் வேண்டாம். பட்டினி போடக் கூடாது, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு இத்தனை மணி நேரத்துக்கு ஒருமுறை பால் என்று வயதுக்கு ஏற்ற வரம்பு உண்டு. வளர்ந்த பிறகும் 12 மணி நேரத்தைத் தாண்டி வெறும் வயிற்றில் விடுவதில்லை. காய்ச்சல், வாந்தி வந்தால் குளுக்கோஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அது வயிற்றில் நிற்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் 10% டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்ற வேண்டும். பரிசோதனை வருவதற்கு முன், முதல் தாக்குதலிலேயே நான்கைந்து குழந்தைகளுக்கு ஒன்று இறந்துகொண்டிருந்தது. இப்போது முன்கூட்டியே தெரிந்துகொண்டவர்கள் பள்ளிக்குப் போய், வேலைக்குப் போய், சாதாரணமாக வாழ்கிறார்கள்.

உணவில் ஒரு எச்சரிக்கை உண்டு. எம்சிடி எண்ணெய் என்று கடைகளில் விற்பது எட்டு, பத்துக் கார்பன் கொழுப்புகளைப் பிரித்தெடுத்த எண்ணெய். இது கார்னிடினை எதிர்பார்க்காமல் நேராக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய்விடும். நீண்ட சங்கிலிகளை உடைக்க முடியாத வேறு பிறவி நோய்களில் இது உயிர் காக்கும் மருந்து. எம்கேட் குறைபாட்டிலோ எந்தச் சுமையை இறக்க முடியாதோ அதையே ஏற்றுவதாகிவிடும். சில குழந்தைப் பால்பொடிகளிலும் எம்சிடி சேர்ப்பார்கள் என்பதால் டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பது கட்டாயம். தேங்காய் எண்ணெயிலும் எட்டும் பத்தும் கார்பன் கொழுப்புகள் கொஞ்சம் உண்டு, பன்னிரண்டு கார்பன் லாரிக் அமிலம் பாதிக்கு அருகில். மற்றவர்கள் இதற்காகத் தேங்காயைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமே இல்லை. குறைபாடு உறுதியான குழந்தைக்கு மட்டும் உணவியலாளரிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

லிச்சித் தோப்புகளில்

சரி, மரபணு நன்றாக இருக்கிறது, நொதியும் முழுதாக உருவாகிறது. அதை வெளியிலிருந்து ஒரு நச்சு முடக்கினால்? ஜமைக்காவில் இது நீண்ட காலமாக நடந்துவந்தது. அந்நாட்டின் தேசியப் பழமான அக்கீயைப் பழுக்குமுன் தின்றவர்கள் கடும் வாந்தி எடுத்து, சர்க்கரை விழுந்து, வலிப்பு வந்து இறந்தார்கள். ‘ஜமைக்கா வாந்தி நோய்’ என்றே பெயர். 1950களில் அக்கீயிலிருந்து ஹைப்போகிளைசின் ஏ என்ற அமினோ அமிலத்தைப் பிரித்தெடுத்தார்கள். உடம்பு இதை மாற்றும்போது கிடைக்கும் பொருள் கொழுப்பு அமிலம் போலவே தோற்றம் கொண்டது. எம்கேட்டும் அதன் உறவு நொதிகளும் அதை உண்மையான சங்கிலி என்று நம்பிக் குழிக்குள் எடுத்துக்கொள்கின்றன. வேலையைத் தொடங்கிய கணத்தில் அது எஃப்ஏடியோடு நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும். அந்த நொதி மூலக்கூறு இனி எதற்கும் உதவாது. செல் புதிதாகச் செய்துகொள்ள வேண்டும்.

அக்கீ, லிச்சி, நம் ஊர்ப் பூந்திக்கொட்டை மூன்றும் ஒரே தாவரக் குடும்பம். லிச்சி விதையில் ஹைப்போகிளைசினைவிட ஒரு கார்பன் குறைந்த தம்பி மூலக்கூறு இருப்பது 1960களிலேயே பதிவாகியிருந்தது. அது கொழுப்பு உடைப்பின் இரண்டாவது படியைத் தடுக்கும். இந்தத் தகவல் உயிர்வேதியியல் இதழில் கிடந்தது, குழந்தை மருத்துவர்கள் கண்ணில் படவில்லை.

கங்கைக்கு வடக்கே இருக்கும் முசாஃபர்பூர் மாவட்டம் ஷாஹி லிச்சிக்குப் பேர்போனது. தேசிய லிச்சி ஆராய்ச்சி மையமே அங்கேதான் இருக்கிறது. 1995 முதல் ஒவ்வொரு ஆண்டும் மே, ஜூன் மாதங்களில், லிச்சி பழுக்கிற அதே வாரங்களில், குழந்தைகள் சாவது அங்கே வழக்கமாகியிருந்தது. இரவு நன்றாகத் தூங்கப்போன குழந்தை விடியற்காலையில் வீரிட்டு அலறும், வெட்டி வெட்டி இழுக்கும், நினைவு போகும். ஊரார் ‘சம்கி புகார்’ என்றார்கள் (இந்தியில் ‘புகார்’ என்றால் காய்ச்சல்). மருத்துவமனைப் பதிவேட்டில் மூளைக்காய்ச்சல் என்று எழுதினார்கள். கிருமியைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. தண்டுவட நீர் தெளிவாக இருந்தது. வெப்பத் தாக்கு என்றும் பூச்சிமருந்து என்றும் பேச்சு மாறிக்கொண்டே போனது. மழை வந்ததும் நோய் ஓயும், அடுத்த மே வரை கேள்வியும் ஓய்ந்துவிடும்.

இதை வேறு கண்ணால் பார்த்தவர் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் துறையில் பல்லாண்டு பணியாற்றி ஓய்வுபெற்ற டாக்டர் டி. ஜேக்கப் ஜான். மேற்கு உத்தரப் பிரதேசத்தில் மூளைக்காய்ச்சல் என்று நம்பப்பட்ட இன்னொரு குழந்தைச் சாவுத் தொடர், காட்டில் வளரும் ஒரு காசியா செடியின் காயைத் தின்றதால் வருகிறது என்று கண்டறிந்த குழுவில் அவரும் ஒருவர். முசாஃபர்பூரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் அருண் ஷாவோடு சேர்ந்து 2014இல் கரன்ட் சயின்ஸ் இதழில் அவர் எழுதியது இதுதான்: இது மூளை அழற்சி இல்லை, சர்க்கரை விழுவதால் வரும் மூளைப் பாதிப்பு; ஜமைக்கா வாந்தி நோயோடு ஒத்துப்போகிறது; லிச்சியைப் பாருங்கள். கிருமிகளைப் பற்றியே வாழ்நாள் முழுக்கப் படித்த ஒருவர், இங்கே கிருமி இல்லை என்று முன்வந்து சொன்னது பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

அதே 2014 பருவத்தில் இந்தியாவின் தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையமும் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு அமைப்பான சிடிசியும் சேர்ந்து விரிவாக ஆராய்ந்தன. முடிவு 2017இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. மே 26 முதல் ஜூலை 17 வரை இரண்டு மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டவர்கள் 390 பேர், எல்லோரும் 15 வயதுக்கு உட்பட்டவர்கள். இறந்தவர்கள் 122 பேர். சோதித்த 73 குழந்தைகளின் சிறுநீரில் 48 பேரிடம் அந்த நச்சுகள் உடைந்த பொருள்கள் இருந்தன. ரத்தம் சோதித்த 80 பேரில் 72 பேருக்கு, கொழுப்பு உடைப்பு பெரிய அளவில் தடைப்பட்டதைக் காட்டும் அசைல்கார்னிடின் மாற்றங்கள்; கார்னிடினோடு ஒட்டிய கொழுப்புச் சங்கிலிகளுக்குத்தான் அசைல்கார்னிடின் என்று பெயர். பிறவிக் குறைபாட்டைத் தேடுவதற்காக உருவான அதே வகைச் சோதனைதான் இங்கே நச்சைக் காட்டியது.

அந்த ஆய்வில் என்னை அதிகம் உலுக்கிய கண்டுபிடிப்பு நச்சைப் பற்றியது இல்லை. நோயுற்ற குழந்தைகளையும் நோயுறாத குழந்தைகளையும் ஒப்பிட்டபோது, லிச்சி தின்றதற்கும் நோய்க்கும் தொடர்பு இருந்தது. முந்தைய மாலை சாப்பாடு சாப்பிடாத குழந்தைகளிடம் அந்தத் தொடர்பு இரண்டு மடங்குக்கு மேல் வலுவாக இருந்தது. தோப்புகளில் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், பக்கத்துக் குடிசைப் பிள்ளைகள், பகலெல்லாம் மரத்தடியில் விழுந்த பழத்தையும் காயையும் தின்றுவிட்டு, இரவில் பசிக்கவில்லை என்று படுத்துவிட்டார்கள். சில வீடுகளில் இரவுச் சாப்பாடே இல்லை. ஏற்கெனவே மெலிந்த உடம்பு, கல்லீரலில் கிளைக்கோஜன் சொற்பம். நள்ளிரவுக்குப் பிறகு அது தீர்ந்து கொழுப்புக்கு மாற வேண்டிய நேரத்தில் நொதிகள் முடங்கிக் கிடந்தன. விடியற்காலையில் வலிப்பு வருவதன் காரணம் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

அதே முசாஃபர்பூர் லிச்சியை டெல்லியிலும் மும்பையிலும் பெட்டி பெட்டியாகச் சாப்பிட்டார்கள். அங்கே இரவு உணவு சாப்பிடுகிற வீடுகளில் ஒரு குழந்தைக்கும் இப்படி நடந்ததாகப் பேச்சில்லை. லிச்சி கொல்கிறது என்று தலைப்புப் போட்ட செய்திகளைப் பார்த்து விவசாயிகள் தங்கள் பழம் விற்காமல் போகுமோ என்று அஞ்சியது வேறு நடந்தது. நச்சு பழத்தில் இருந்தது உண்மை, பழுக்காததில் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அந்த நச்சுக்கு வழிவிட்டது காலி வயிறு. இதை எழுதும்போது வரும் கோபத்தை மறைக்க விரும்பவில்லை. ஒரு தட்டு சோறு தடுத்திருக்கக்கூடிய சாவுகள் இவை.

எல்லா நிபுணர்களும் லிச்சியே முழுக் காரணம் என்று ஒப்புக்கொண்டுவிடவில்லை. கடும் வெப்பத்தின் பங்கு என்ன, எல்லா நோயாளிகளுக்கும் ஒரே காரணம்தானா என்ற விவாதம் தொடர்ந்தது. ஆனால் செய்ய வேண்டியவற்றில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. குழந்தைக்கு இரவுச் சாப்பாடு கட்டாயம் கொடுப்பது, லிச்சி தின்பதை அளவோடு வைப்பது, வலிப்போடு வரும் குழந்தைக்கு உடனே சர்க்கரை அளவைப் பார்த்து டெக்ஸ்ட்ரோஸ் ஏற்றுவது. இந்த அறிவுரைகள் ஊர் ஊராகப் போன அடுத்த ஆண்டுகளில் எண்ணிக்கை குறைந்தது. 2019இல் கடும் வெப்ப அலையோடு மறுபடி வந்து நூற்றுக்கும் மேற்பட்ட குழந்தைகளைக் கொண்டுபோனது. அறிவுரை ஒருமுறை சொன்னால் போதாது, ஒவ்வொரு ஏப்ரலிலும் வீடுவீடாகப் போக வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் குளுக்கோமீட்டரும் டெக்ஸ்ட்ரோஸ் பாட்டிலும் இருக்க வேண்டும்.

இதே ஹைப்போகிளைசின் ஐரோப்பாவில் குதிரைகளையும் கொல்கிறது. மேப்பிள் மர வகைகளும் பூந்திக்கொட்டைக் குடும்பம்தான். இலையுதிர் காலத்தில் புல் குறைந்து, உதிர்ந்த மேப்பிள் விதைகளை மேய்ந்த குதிரைகள் தசை அழிந்து இறந்தன. பல பத்தாண்டுகள் காரணம் தெரியாமல் இருந்து, 2013, 2014 ஆண்டுகளில்தான் இந்த நச்சு என்று உறுதியானது. அங்கேயும் துப்புக் கொடுத்தது ரத்தத்தில் இருந்த அசைல்கார்னிடின்கள்.

நம் நாட்டில்

பிறந்த குழந்தைகள் அனைவருக்கும் எம்கேட் உள்ளிட்ட வளர்சிதை மாற்ற நோய்களைச் சோதிக்கும் நாடு தழுவிய கட்டாயத் திட்டம் இந்தியாவில் இல்லை. பெரிய நகரங்களின் தனியார் ஆய்வகங்களில் வசதி இருக்கிறது, பணம் கட்டினால் செய்துகொள்ளலாம். ஆகவே இங்கே எத்தனை குழந்தைகளுக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது என்ற கணக்குக்கே அடித்தளம் இல்லை. அரிய நோய்க்கு ஏன் செலவு என்று கேட்கிறார்கள். ஒரே துளியில் பல நோய்கள் தெரிகின்றன, தெரிந்தபின் இந்த ஒன்றுக்குச் சிகிச்சை என்பது பெரும்பாலும் நேரத்துக்குச் சாப்பாடுதான். இவ்வளவு மலிவாகக் காப்பாற்றக்கூடிய பிறவி நோய்கள் அதிகம் இல்லை என்பதால், பட்டியலில் இது முன்வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதுவரை மருத்துவர்களும் பெற்றோரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சாதாரணக் காய்ச்சலுக்குப் பின் சர்க்கரை விழுந்து மயங்கிய குழந்தை பிழைத்துக்கொண்டால், சரியாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அசைல்கார்னிடின் சோதனை கேட்க வேண்டும். எம்கேட் குறைபாட்டில் குழந்தை தெளிந்து விளையாடிக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்தாலும் சி8 பொதுவாக உயர்ந்தே இருக்கும், ஆகவே தவறவிட்ட நேரம் என்று ஒன்று இல்லை. உறுதியானால் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை எல்லோருக்கும் அதே சோதனை செய்ய வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு இருக்கிறது. இதுவரை ஒருநாளும் நோய்வாய்ப்படாத பத்து வயது அக்காவுக்கும் அதே குறை இருப்பது இப்படித்தான் தெரியவருகிறது. அவளுக்கு அடுத்த முறை வாந்தி வரும்போது என்ன செய்ய வேண்டும் என்று வீட்டில் எல்லோருக்கும் அப்போது தெரிந்திருக்கும்.